ஆப்பிரிக்க நாட்டார் கதைகளைத் தமிழ்ப் பிள்ளைகளுக்குக் கொண்டுவருவதில் எங்கே காசு கரையும், எங்கே கதை கெடும்

ஆப்பிரிக்க நாட்டார் கதைகள் எட்டைத் தேர்ந்தெடுத்துத் தமிழில் ஒரு படப்புத்தகம் போடலாம் என்று இறங்கினால், எழுதுவதுதான் அதில் ஆகச் சின்ன வேலை. ஆறு மாதம் என்று போட்ட கணக்கு இரண்டு வருடத்துக்கு இழுத்தது. ஒரே கதைக்கு ஓவியருக்கு இரண்டு முறை பணம் கொடுக்க வேண்டி வந்தது. ஒரு படத்துக்கு 1,500 ரூபாய் வீதம் பன்னிரண்டு படம். 18,000 ரூபாய் அப்படியே போய்விட்டது. லே-அவுட் முடிந்து நின்ற இன்னொரு கதையை உரிமைச் சிக்கலால் தூக்க வேண்டியிருந்தது. காசு போனதுகூடப் பரவாயில்லை, கேட்க ஓர் ஆள் இல்லையே என்பதுதான் ஆற்றாமையாக இருந்தது. சிறுவர் நூல் போடுகிறவர்களுக்கு ஆப்பிரிக்கா தெரியாது. ஆப்பிரிக்க இலக்கியம் வாசிக்கிறவர்கள் பெரியவர்களுக்கான நாவல்களோடு நின்றுவிடுகிறார்கள். புத்தகம் போடுகிறவரோ, பள்ளியில் கதை சொல்கிறவரோ, சொந்தப் பிள்ளைக்குப் படித்துக்காட்டுகிறவரோ, இந்த வேலையில் இறங்குகிற யாருக்கும் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டியதை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

முதலில் கதையின் ஊர். இணையத்திலும் மலிவுத் தொகுப்புகளிலும் கிடைப்பவை பெரும்பாலும் 'ஓர் ஆப்பிரிக்கக் கதை' என்று மட்டும் போட்டுவிட்டு நின்றுவிடும். 54 நாடுகள், இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட மொழிகள் உள்ள கண்டம் அது. ஊர் தெரியாத கதைக்கு ஓவியர் எந்த வீட்டை வரைவார்? பின்னால் எந்த மரம் நிற்கும்? கதைக்கு நடுவே வரும் பாட்டு எந்த மொழி? எந்த நாட்டுச் சட்டத்தைப் பார்ப்பது? ஒன்றுக்கும் பதில் கிடைக்காது. அதனால் ஒரு கதையை எடுக்கும் முன்பே மூன்று கேள்வி கேட்டுவிட வேண்டும்: எந்த மக்களுடைய கதை, எந்த மொழியில் சொல்லப்பட்டது, யார் எந்த ஆண்டில் எழுதிவைத்தார்கள். மூன்றில் இரண்டுக்காவது பதில் இல்லையென்றால், கதை எவ்வளவு அழகாக இருந்தாலும் கீழே வைத்துவிடுங்கள். வாட்ஸ்அப்பில் சுற்றும் பழக்கூடைக் கதை ஒன்று உண்டு. ஒரு மானுடவியலாளர் மரத்தடியில் கூடையை வைத்துவிட்டுப் பிள்ளைகளை ஓடவிடுவாராம். பிள்ளைகள் கைகோத்துக்கொண்டு ஓடுவார்களாம். மானுடவியலாளர் வருகிற கதை எப்படி நாட்டார் கதையாகும்? இருந்தும் 'ஆப்பிரிக்க நாட்டார் கதைகள்' பட்டியலில் அது ஜம்மென்று உட்கார்ந்திருக்கிறது.

நம்பிப் போகக்கூடிய பழைய தொகுப்புகள் சில உண்டு. கானாவின் அசாந்தி மக்களுடைய கதைகளுக்கு ஆர். எஸ். ராட்ரே 1930-ல் வெளியிட்டது. அதே பகுதிக்குப் பார்க்கரும் சின்க்ளேரும் சேர்ந்து 1917-ல் போட்டது. தென் நைஜீரியாவுக்கு எல்பின்ஸ்டன் டேரல் 1910-ல் தொகுத்தது. தென்னாப்பிரிக்காவின் ஜூலு மக்களுடைய கதைகளுக்கு ஹென்றி காலவே, 1868. கிழக்குக் கரையோரத் தீவான சான்சிபாரின் சுவாஹிலிக் கதைகளுக்கு எட்வர்ட் ஸ்டீர், 1870. தெற்கே சான் மக்களுடையவற்றுக்கு ப்ளீக்கும் லாய்டும், 1911. இவர்களில் பலர் காலனி அதிகாரிகள் அல்லது பாதிரிமார்கள் என்பதை மறக்கக் கூடாது. பாட்டை வெட்டியிருப்பார்கள், கொச்சையைக் கழுவியிருப்பார்கள். ராட்ரே, காலவே, ஸ்டீர் மூவரும் மூலமொழியையும் கூடவே அச்சிட்டார்கள். எந்த இடத்தில் சொல் திரும்பத் திரும்ப வருகிறது, எங்கே பாட்டு, எங்கே ஒலிக்குறிப்பு என்பதை மொழி தெரியாதவர்கூடக் கண்ணால் பார்த்தே பிடித்துவிடலாம். டேரலில் ஆங்கிலம் மட்டும்தான். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் வாய்விட்டுச் சொல்லும்போது தெரிந்துவிடும்.

இதை ஒரே ஒரு கதையை வைத்துச் சொன்னால்தான் புரியும். வானத்துக் கடவுள் ந்யாமேயிடமிருந்து சிலந்தியான குவாக்கு அனான்சே கதைகளை வாங்கிய கதை எங்கும் கிடைக்கிறது. ஆனால் பத்து வரியில் சுருக்கப்பட்டுக் கிடைக்கிறது. ராட்ரே எழுதிவைத்த வடிவில், கொகொஃபு, பெக்வாய், அசுமெங்யா போன்ற பெரிய ஊர்க்காரர்களாலேயே வாங்க முடியாத கதைகளைக் கேட்டு அனான்சே வருகிறான். ந்யாமே சொல்லும் விலை நான்கு: மலைப்பாம்பு ஓனினி, சிறுத்தை ஒசெபோ, மொபொரோ என்ற குளவிக்கூட்டம், காட்டில் திரியும் குட்டி உருவமான மொவாட்டியா. அனான்சே தன் பங்குக்கு, 'என் அம்மா நிசியாவையும் சேர்த்தே தருகிறேன்' என்கிறான். பிள்ளைகள் சிரிக்கிற முதல் இடம் இதுதான், சுருக்கப் பதிப்புகளில் இது இருக்காது. அடுத்து அவன் நேராகப் போவது வீட்டுக்கு, மனைவி அசோவிடம். பனைமட்டையும் கொடியும் வெட்டிக்கொண்டு வா என்று பாம்புக்கு வழி சொல்பவள் அவள். குடுக்கையில் தண்ணீர் நிரப்பிக்கொண்டு போ என்று குளவிக்குச் சொல்பவளும் அவள். சிறுத்தைக்கு அவள் 'குழி வெட்டு' என்றதுமே, 'போதும், புரிந்துவிட்டது' என்று இவன் கிளம்பிவிடுகிறான். நான்கில் மூன்று யோசனை அசோவுடையது. கடைகளில் கிடைக்கும் பல படப்புத்தகங்களில் அவள் பெயரே இல்லை, எல்லாம் அனான்சேயின் மூளை என்று போட்டிருக்கும். பெண்பிள்ளைகளும் உட்கார்ந்து கேட்கிற கதை இது. மூலத்தில் இருக்கிறவளை நாமாகவே வெளியே அனுப்பிவிட்டு, வலிமையான பெண் பாத்திரங்களுக்காக வேறு கதை தேடுகிறோம்.

பாம்பைக் கட்டும் காட்சியைப் பிள்ளைகளுக்கு முன்னால் நடத்திப் பாருங்கள். தேவை ஒரு நீளமான தென்னை மட்டை, நான்கு ஆள் நீளத்துக்குக் கயிறு, பாம்பாகப் படுக்க ஒரு பெரிய பையன். அனான்சே ஓடையோரம் தனக்குத்தானே சண்டை போட்டுக்கொண்டே வருவான்: 'அவனைவிட இது நீளம்.' 'இல்லை, நீளமில்லை.' 'பொய் சொல்றே, நீளம்தான்.' சொல்கிறவர் இரண்டு குரலில் இதை இழுத்துச் சொல்ல வேண்டும், நான்கைந்து முறையாவது. பிள்ளைகள் தாங்களாகவே கட்சி பிரிந்து கத்த ஆரம்பிக்கும் வரை பாம்பைக் கேள்வி கேட்க விடாதீர்கள். என்ன தகராறு என்று பாம்பு கேட்கும். 'என் பெண்டாட்டியோடுதான், இந்த மட்டை உன்னைவிட நீளம் என்கிறாள்.' அப்படியானால் அளந்து பார் என்று பாம்பே நீட்டிப் படுக்கும். கயிறு சுற்றும்போது ராட்ரே பதிந்திருக்கும் ஒலி 'ந்வெனெனே, ந்வெனெனே, ந்வெனெனே'. அதைத் தமிழில் 'சர் சர்' என்று மாற்றாதீர்கள். வாய்க்குள் சுழன்று வரும் அந்த மூக்கொலிக்காகவே பிள்ளைகள் மறுநாள் கதையைக் கேட்பார்கள். வாலிலிருந்து ஆரம்பித்துக் கழுத்தில் முடிக்க வேண்டும். தலையிலிருந்து சுற்றினால் பாம்பு ஏன் சும்மா இருந்தது என்று எட்டு வயதுக்காரன் நிச்சயம் கேட்பான். குளவிக் காட்சியில் அனான்சே பாதித் தண்ணீரைக் குளவிகள் மேலும், மீதியைத் தன் மேலும் ஊற்றிக்கொண்டு, வாழையிலையைத் தலையில் கவிழ்த்து, 'மழை வந்துவிட்டது, என் குடுக்கைக்குள் வந்துவிடுங்கள்' என்பான். அவன் மேலும் தண்ணீர் ஊற்றினால்தான் பொய் நிற்கும். சுருக்குகிறவர்கள் முதலில் வெட்டுவது இதைத்தான், காரணம் போனதும் காட்சி செத்துவிடும். மொவாட்டியாவுக்குப் பாலூறும் மரத்தின் பிசினைப் பூசிய பொம்மை, அதன் கையில் மசித்த கிழங்கு. சாப்பிட்டுவிட்டு நன்றி சொன்னால் பொம்மை பதில் பேசாது. கோபத்தில் 'ப்பா!' என்று கன்னத்தில் ஓர் அறை, கை ஒட்டிக்கொள்ளும். அடிமைக் கப்பல்களில் ஏறிப்போன மக்களோடு அனான்சேயும் கரீபியனுக்குப் போனான். ஜமைக்காவில் இன்றும் அவன் பெயரில் கதை சொல்கிறார்கள்.

இந்தக் கதையின் படங்களில்தான் அந்த 18,000 ரூபாய் போனது. முதல் சுற்றில் வந்த படங்களில் வட்டக் குடிசை, குடை விரித்த முள்மரம், பின்னணியில் ஒட்டகச்சிவிங்கி, அனான்சேயின் கழுத்தில் மாசாய் பாசிமணி. ஓவியர் ஒன்றும் சோம்பேறி இல்லை, 'ஆப்பிரிக்கா' என்று தேடினால் திரையில் கொட்டுவது இதுதான். ஆனால் மாசாய் மக்கள் இருப்பது கென்யாவிலும் தான்சானியாவிலும், கதை நடப்பது கண்டத்தின் மறுகோடியில். அசாந்தி நிலம் மழைக்காடு. பழைய அசாந்தி வீடு நடுவில் முற்றம், சுற்றி நாலுபக்கமும் அறைகள், சுவரின் கீழ்ப்பகுதியில் புடைப்புச் சித்திரம் என்று இருக்கும். மிஞ்சியிருப்பவை 1980-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தன, படங்கள் தாராளமாகக் கிடைக்கின்றன. ஆண்கள் நீளத் துணியை உடம்பில் சுற்றி ஒரு தோளை வெறுமனே விடுவார்கள். காட்டில் 'ஒடும்' என்கிற மரம், இலவ மரம். இந்த இலவம் நம் ஊர் இலவம்பஞ்சு மரமேதான், ஓவியரை ஒரு மரத்தடிக்கு அனுப்பினால் போதும். மொவாட்டியாவுக்குச் சிறகு முளைத்து மந்திரக்கோலும் வந்திருந்தது. ஆங்கிலத்தில் அதைத் தேவதை என்று எழுதிவைத்ததன் பலன். அசாந்தி நம்பிக்கையில் அது சிறகில்லாத குள்ள உருவம், பாதம் பின்பக்கம் திரும்பியிருக்கும், விசிலடித்துப் பேசும். இதை அப்படியே வரைந்தால் பிள்ளைகள் அந்தப் பக்கத்தை விட்டு நகர மாட்டார்கள்.

இன்னொரு கண்ணி, பழைய ஆங்கிலத் தொகுப்புகளில் வரும் புலி. ஆப்பிரிக்கக் காட்டில் புலி கிடையாது. மேற்கு ஆப்பிரிக்க ஆங்கிலத்தில் சிறுத்தையை அப்படிச் சொல்கிற வழக்கம், பார்க்கர்-சின்க்ளேர் தொகுப்பிலும் பார்க்கலாம். தெற்கே கேப் பகுதிக் கதைகளில் 'ஓநாய்' என்று வந்தால் அது பெரும்பாலும் கழுதைப்புலி. ஓவியரிடம் கதையைக் கொடுக்கும்போதே ஒரு தாளில் மிருகம், மரம், வீடு, உடை, பாத்திரம், உணவு என்று ஆறு தலைப்பில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் அந்த நாட்டிலேயே எடுத்த இரண்டு புகைப்படம் ஒட்டிக் கொடுங்கள். பென்சில் கோட்டோவியத்தைப் பார்த்துச் சரி சொன்ன பிறகே வண்ணம். முன்பணம் மூன்றில் ஒரு பங்கு, கோட்டோவியத்தில் இன்னொரு பங்கு, முடிந்ததும் மீதி. வண்ணம் தீட்டிய பிறகு மாற்றச் சொன்னால் அது புதுப் படத்தின் காசு, அதில் ஓவியரைக் குறைசொல்ல முடியாது. அனான்சே மனிதனா, சிலந்தியா என்ற கேள்வி கட்டாயம் வரும். கதையில் இரண்டுமாகத்தான் இருக்கிறான். மனித உடம்பு, எட்டுக் கைகால் என்று ஒன்றை முடிவுசெய்துகொண்டு கடைசிப் பக்கம் வரை மாற்றாமல் இருந்தால் போதும்.

அடுத்தது கதையின் வாசலும் பாட்டும். அசாந்திக் கதைசொல்லி, 'நாங்கள் நிஜமாகச் சொல்லவில்லை, நிஜமாகச் சொல்லவில்லை' என்ற பொருள்படத் தொடங்குவார். முடிக்கும்போது, 'நான் சொன்ன இந்தக் கதை இனித்தாலும் சரி, இனிக்காவிட்டாலும் சரி, கொஞ்சத்தை வேறெங்காவது கொண்டுபோங்கள், கொஞ்சம் என்னிடம் திரும்பி வரட்டும்' என்பார். சுவாஹிலியில் சொல்பவர் 'பாவுக்வா' என்றால் கேட்பவர்கள் 'பாக்காவா' என்பார்கள். நைஜீரியாவின் யொருபா மொழியில் 'ஆலோ ஓ' என்றால் 'ஆலோ' என்று பதில் வரும். அதே நாட்டு வடக்கின் ஹவுசாக்காரர்கள் 'கா தா, கா தா நன் கு' என்று தொடங்கினால், 'தா ஸோ மு ஜி தா' என்று கேட்பவர்கள் அழைப்பார்கள். இவை இருக்கும்போது எல்லாக் கதையையும் 'ஒரு ஊர்ல ஒரு ராஜா' என்று தொடங்குவது, பண்டத்தைக் கொடுத்துவிட்டு உப்பை எடுத்துவைத்துக்கொள்வது. பிள்ளைகளுக்கு இரண்டு நிமிடத்தில் இந்தப் பதில்கள் பழகிவிடும், பெரியவர்களுக்குத்தான் நேரமாகும்.

பாட்டு இன்னும் முக்கியம். அசாந்திகளும் அடங்கிய ஆகான் மக்களின் கதைசொல்லலில் மொகுவோ என்று ஒன்று உண்டு. கதை ஓடிக்கொண்டிருக்கும்போது கேட்பவர்களில் ஒருவர் எழுந்து, 'அன்றைக்கு நானும் அங்கே இருந்தேன்' என்று குறுக்கிட்டுப் பாட்டெடுப்பார், எல்லாரும் சேர்ந்து பாடிவிட்டுக் கதையைத் திரும்பக் கொடுப்பார்கள். 1960-களில் கானா நாடகாசிரியர் எஃபுவா சதர்லாந்து அட்வியா கிராமத்து மக்களோடு சேர்ந்து கதைக்கென்றே கொட்சிடான் என்ற அரங்கை எழுப்பியபோது, இந்தக் குறுக்கீட்டுக்கு அதில் நிறையவே இடமிருந்தது. வகுப்பில் செய்ய எளிய வழி: கதை தொடங்கும் முன்பே மூன்று பிள்ளைகளுக்கு மட்டும் இரண்டு வரிப் பாட்டு ஒன்றைக் கற்றுக்கொடுத்து, எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம் என்று சொல்லிவிடுங்கள். இருபது நிமிடக் கதைக்கு மூன்று குறுக்கீடு அளவு. அதற்கு மேல் போனால் கதை அறுந்துவிடும்.

யொருபாவில் பாட்டுள்ள கதையே ஒரு தனி வகை, ஆலோ ஆபக்பே என்பார்கள். அதில் ஆமை இஜாப்பாவின் கதை ஒன்றைத் தமிழில் பாட்டோடு சொல்ல முடியும். பிள்ளையில்லாத மனைவி யன்னிபோவுக்காக வைத்தியரிடம் மருந்துக் குழம்பு வாங்கி வருகிறான் இஜாப்பா. அவன் அதை வாயில் வைக்கவே கூடாது என்பது நிபந்தனை. வழியில் வேர் தடுக்கி, குழம்பு கையில் பட்டு, கை வாய்க்குப் போய்விடுகிறது. வயிறு வீங்க ஆரம்பிக்கிறது. அவன் வைத்தியரிடம் கெஞ்சிக்கொண்டே போகும் பாட்டில் ஒவ்வொரு வரி முடிவிலும் 'அலுக்பின்ரின்' என்று கூட்டம் சொல்லும். வரிகளைத் தமிழில் பாடலாம்: வேர் தடுக்கியது, கையில் பட்டது, வாயில் வைத்தேன், வயிற்றைப் பார்த்தேன். ஆனால் 'அலுக்பின்ரின்' அப்படியே இருக்கட்டும். அதற்குப் பொருள் தேடிக்கொண்டு நாட்களை வீணாக்க வேண்டாம், அதன் வேலை தாளம். பழைய ஆங்கிலத் தொகுப்புகளில் 'இங்கே ஒரு பாட்டுப் பாடினான்' என்று மட்டும் இருந்தால், அந்தக் கதை சொல்லவும் கேட்கவும் தோதுப்படாது. அதே கதையை யொருபா பிள்ளைகள் பாடும் ஒலிப்பதிவு கிடைக்கிறதா என்று பார்த்த பிறகு எடுங்கள்.

இந்தக் கதைகள் இருட்டிய பிறகு சொல்வதற்கானவை. பகலில் கதை சொன்னால் கொம்பு முளைக்கும் என்று ஜூலு வீடுகளில் பிள்ளைகளை மிரட்டுவார்கள். பகல் முழுக்க வேலை கிடக்கும்போது கதையில் உட்கார்ந்துவிடக் கூடாது என்பதற்கான பெரியவர்களின் தந்திரம் அது என்றுதான் தோன்றுகிறது. பள்ளியில் பதினொரு மணிக்குச் சொல்லவேண்டியிருந்தால் ஜன்னலைச் சாத்திவிட்டு, இந்தக் கொம்பு விஷயத்தை முதலில் சொல்லிவிடுங்கள். கதை முடியும் வரை ஆளாளுக்குத் தலையைத் தடவிக்கொண்டிருப்பார்கள்.

கதைக்குக் கீழே 'நீதி' எழுதும் பழக்கம்தான் மெய்ப்பு பார்க்கும் ஆள் முதல் பதிப்பாளர் வரை எல்லாரோடும் சண்டையை இழுத்தது. அனான்சே பொய் சொல்கிறான், ஏமாற்றுகிறான், பெரும்பாலும் ஜெயிக்கிறான். பெற்றோர் கோபிப்பார்கள் என்று கடைசியில் தண்டனை ஒன்றைக் கூட்டச் சொன்னார்கள். கூட்டாதீர்கள். வேறு கதைகளில் அவன் தோற்கவே செய்கிறான். உலகத்து அறிவையெல்லாம் ஒரு பானையில் அடைத்து வயிற்றில் கட்டிக்கொண்டு மரமேற முடியாமல் தவிக்கும்போது, 'முதுகில் கட்டிக்கொள் அப்பா' என்று கீழேயிருந்து மகன் ந்திகுமா சொல்லும் கதை இருக்கிறது. அந்தக் கதையையும் பக்கத்தில் வைத்தால் கணக்கு நேராகிவிடும். பல கதைகள் நீதியில் முடியாமல் 'அதனால்தான்' என்று முடியும். டேரல் தொகுப்பில் தண்ணீர் தன் சுற்றத்தையெல்லாம் கூட்டிக்கொண்டு விருந்துக்கு வர, வீடு நிரம்பி, சூரியனும் நிலவும் கூரைமேல் ஏறி, அப்படியே வானத்துக்குப் போய்விடுகிறார்கள். அதில் நீதி என்ன இருக்கிறது? நாலு வயதுப் பிள்ளைக்கு அதைவிட நல்ல கதை கிடைப்பது கஷ்டம். ஏழிலிருந்து ஒன்பது வயது அனான்சேக்கும் இஜாப்பாவுக்கும் தோதானது. காலவே தொகுத்த ஜூலு கதைகளில் மனிதரைத் தின்னும் அமசிமுக்கள் வருவார்கள், கதையும் நீளம், பத்து வயதுக்குக் கீழே வேண்டாம். பயமுறுத்தும் இடத்தை மழுப்பிச் சொல்வதைவிட அந்தக் கதையையே இரண்டு வருடம் தள்ளிவைப்பது மேல்.

'இந்தக் கதை எனக்குத் தெரியுமே' என்று பிள்ளைகள் குதிக்கப்போகும் கதை ஒன்று உண்டு. ஸ்டீர் சான்சிபாரில் எழுதிவைத்த குரங்கும் சுறாவும் கதை. பாதிக் கிளை தண்ணீர்மேல் சாய்ந்த அத்தி மரம், பழம் எறிந்து சிநேகமான குரங்கு, சுறாக்களின் சுல்தானுக்கு மருந்தாகக் குரங்கின் இதயம், 'இதயத்தை மரத்திலேயே விட்டுவிட்டு வந்தேனே' என்ற பதில். நம் பஞ்சதந்திரத்துக் குரங்கும் முதலையும்தான். தப்பித்த குரங்கு சுறாவுக்குச் சொல்லும் உட்கதை, இதயமும் காதும் இல்லாத வண்ணான் கழுதையின் கதை. அதுவும் பஞ்சதந்திரத்தில் அதே பகுதியில் இருக்கிறது. இந்தியப் பெருங்கடல் வணிகத்தோடு ஊர் ஊராகப் போன கதை. இதைத் தொகுப்பிலிருந்து நீக்கவே பலரும் யோசனை சொல்வார்கள். வைத்துக்கொள்ளுங்கள். முதலை எங்கே சுறாவாகியது, உட்கதையில் முயல் என்ன செய்கிறது என்று பிள்ளைகளையே கண்டுபிடிக்கவிட்டால் ஒரு மணிநேரம் போவதே தெரியாது.

இனி உரிமை. நாட்டார் கதை யாருக்கும் சொந்தமில்லை என்பது பாதிதான் உண்மை. கதைக்கருவுக்குப் பதிப்புரிமை இல்லாமல் இருக்கலாம், ஆனால் ஒருவர் அதை மறுபடி சொல்லி எழுதிய வடிவத்துக்கு உண்டு. லே-அவுட் முடிந்து தூக்க வேண்டிவந்த கதை இதில்தான் மாட்டியது. கிடைத்த கோப்பில் 'மரபுக்கதை' என்றுதான் போட்டிருந்தது. அதில் இருந்த இரண்டு காட்சிகளும் ஓர் உரையாடலும் உயிரோடிருக்கும் ஓர் எழுத்தாளர் தானாகச் சேர்த்தவை என்பது, பழைய தொகுப்போடு வரிக்கு வரி ஒப்பிட்டபோதுதான் தெரிந்தது. அனுமதி கேட்டு எழுதிய கடிதத்துக்குப் பதிப்பகத்திலிருந்து மாதக்கணக்கில் பதில் இல்லை. ஆகவே குறைந்தது இரண்டு பழைய வடிவங்களோடு ஒப்பிட்டு, இரண்டிலும் பொதுவாக இருப்பதை மட்டும் எடுத்து எழுதுங்கள். இந்தியாவில் பதிப்புரிமை ஆசிரியர் இறந்து 60 ஆண்டுகள் வரை. ராட்ரே 1938-ல் இறந்தார், ஆக அவர் எழுத்து இங்கே பொதுச்சொத்து. அந்த நூலின் படங்கள் வேறு. அவற்றை வரைந்தவர்கள் கோல்ட் கோஸ்ட் (கானாவின் அன்றைய பெயர்) ஓவியர்கள், அவர்களுடைய காலக்கணக்கு தனி. எழுத்து கிடைத்தது என்று படத்தையும் சேர்த்து எடுத்துவிடக் கூடாது.

இதற்கு மேல் ஒன்று. கானா தன் நாட்டார் வழக்குகளையே சட்டத்தால் காக்கிறது. 2005-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி அவற்றின் உரிமை நாட்டு மக்களின் சார்பில் குடியரசுத் தலைவரிடம் இருக்கிறது. வணிக நோக்கில் பயன்படுத்த நாட்டார் வழக்கு வாரியத்திடம் அனுமதி கேட்டுக் கட்டணம் கட்ட வேண்டும், கானாக்காரர்களும் இதற்கு விலக்கில்லை. கென்யா 2016-ல் தனிச் சட்டமே போட்டது. இதே நோக்கத்தில் பல ஆப்பிரிக்க நாடுகள் சேர்ந்த ஸ்வாகோப்முண்ட் உடன்படிக்கை 2010-ல் வந்தது. ஒரு நாட்டின் சட்டம் அதன் எல்லையோடு நின்றாலும், புத்தகத்தைக் கானாவின் தலைநகர் அக்ராவில் விற்கவோ அங்குள்ள பதிப்பகத்தோடு சேர்ந்து போடவோ நினைத்தால் முதல் கடிதம் அந்த வாரியத்துக்குத்தான் போக வேண்டும். இந்த அலைச்சல் எதுவும் வேண்டாம் என்பவர்களுக்கு, தென்னாப்பிரிக்காவிலிருந்து நடக்கும் 'ஆப்பிரிக்கன் ஸ்டோரிபுக்' தளமும் பிரதம் புக்ஸின் 'ஸ்டோரிவீவர்' தளமும் திறந்த உரிமத்தில் படத்தோடு கதை தருகின்றன. கடைசிப் பக்கத்தில் இருக்கும் உரிமத்தைக் கதைக்குக் கதை படியுங்கள், சிலவற்றில் வணிகப் பயன்பாட்டுக்குத் தடை இருக்கும். இன்னொன்று, அங்கே ஆசிரியர்கள் இன்றைக்குப் புதிதாக எழுதிய கதைகளும் மரபுக்கதைகளும் கலந்தே கிடக்கும். நல்ல கதைகள்தான், ஆனால் 'நாட்டார் கதை' என்று போடக் கூடாது.

அச்சு பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பக்க எண்ணிக்கை பதினாறின் மடங்காக இருந்தால் ஃபாரம் (பல பக்கங்கள் சேர்ந்து அச்சாகும் பெரிய தாள்) வீணாகாது. எட்டுக் கதைக்கு 64 பக்கம் போதும். எழுத்து 16 பாயின்ட்டுக்குக் குறைய வேண்டாம். அதே கதை ஆங்கிலத்தில் பிடித்ததைவிடத் தமிழில் கூடுதல் இடம் பிடிக்கும் என்பதால், படத்தில் மூன்றில் ஒரு பங்கை வெறுமையாக விடும்படி கோட்டோவியத்திலேயே சொல்லிவிட வேண்டும். இல்லையென்றால் லே-அவுட்காரர் எழுத்தைச் சிலந்தியின் முகத்தின்மேல்தான் வைப்பார். அச்சுக்கு முன் கதையை அறிமுகமில்லாத ஒருவரிடம் கொடுத்துப் பிள்ளைகளுக்கு வாசிக்கச் சொல்லிவிட்டு, பின்னால் உட்கார்ந்து கேளுங்கள். அவர் எந்த வெளிநாட்டுப் பெயரில் நாக்குத் தடுக்கி நிற்கிறாரோ அதன் எழுத்துக்கூட்டைத் திருத்துங்கள். பெயரையே முனுசாமி என்று மாற்றிவிடாதீர்கள். குவாக்கு என்றால் புதன்கிழமை பிறந்தவன், கானாவில் எத்தனையோ பேருக்கு அந்தப் பெயர். புதன்கிழமை பிறந்த பிள்ளைகள் யார் யார் என்று கேட்டுப் பாருங்கள், வகுப்பே கை தூக்கும்.

ஒவ்வொரு கதையின் அடியிலும் அதன் பிறப்பைப் போட வேண்டும். புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் மொத்தமாகப் போட்டால் ஒருவரும் படிப்பதில்லை, கதையைத் தனியாக நகலெடுத்துச் சுற்றவிடும்போது அந்தப் பக்கம் கூடப் போவதும் இல்லை. இப்படி இரண்டு வரி போதும்: 'கானா நாட்டு அசாந்தி மக்களின் கதை. ட்வி மொழியில் சொல்லப்பட்டு 1930-ல் ஆர். எஸ். ராட்ரே வெளியிட்ட வடிவத்தைத் தழுவியது. பாம்பு, குளவிக் காட்சிகளில் உரையாடல் கூட்டப்பட்டுள்ளது.' கூட்டியதையும் குறைத்ததையும் கடைசியில் சொல்லிவிட்டால், நமக்குப் பின்னால் வருகிறவர் எது மூலம், எது நம் கைவேலை என்று வரிக்கு வரி ஒப்பிட்டுக்கொண்டிருக்க வேண்டியதில்லை.